பேப்பரில் வந்த யூனிஃபார்ம்

அன்புள்ள அம்மா, உன் முட்டி வலி பரவாயில்லையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் எங்கள் பீங்கான் கம்பெனியிலிருந்து கோப்பைகளை இங்கே ஒரு ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன். குழந்தைகளுக்குக் கதை எழுதுகிற ஒரு மேடம் சீனக் கலாச்சாரம் சொல்லித்தர வந்திருந்தார். ஒரே தடவை டூர் போனவராம். பட்டுச் சட்டை போட்டால் சீனாவே வந்துவிடும் என்று நினைப்பு. அங்கே பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால்தான் வாங்குவார்களாம். நாம் கேள்வியே படாத மாதிரி சொன்னார். அப்புறம் பொரியைக் குச்சியால் எடுத்துத் தின்னச் சொன்னார். பாதி தரையில் கொட்டியது. கூட்டியது நான்தான்.

போட்டோ எடுக்கும்போது, "கூட்டம் கம்மியா தெரியுது, நீயும் வந்து உக்காரும்மா" என்று ஒரு யூனிஃபார்ம் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார். "எந்த கிளாஸு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

அந்தப் படம் பேப்பரில் வந்துவிட்டது. நான் திரும்ப ஸ்கூலில் சேர்ந்து படிக்கிறேன் என்று நம்பிவிடாதே. சுப்புராயன் மாமா இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. ரூமில் புதுசு இருக்கிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

வேலைக்கு மணியடித்துவிட்டார்கள். ஊரில் யாராவது படத்தைக் காட்டிக் கேட்டால் மட்டும், இல்லை என்று சொல்லிவிடாதே அம்மா.

உன் கயல்விழி