விசாப் படிவத்தில் என் வேலை

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
14.8.2005

அன்புள்ள ஷ்யாமுக்கு,

இங்கே நான் சௌக்கியம், அப்பா அரைச் சௌக்கியம். நீயும் சுபாஸ்ரீயும் அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையும் முழுச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்புகிறேன். இன்னும் என்ன டியூட்டி என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீதான் பேசுகிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விடுகிறாய். அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. சென்னையிலிருந்து திரும்பிய நாள் முதல் என்னோடு பேச்சில்லை, காபி வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நின்று செருமுகிறார். நானும் செருமலுக்கு ஒரு டம்ளர் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்க விசா ஏன் கிடைக்கவில்லை என்று அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். படிவத்தை நீயே அங்கிருந்து பூர்த்தி செய்து ஈமெயிலில் அனுப்பினாய், அப்பா நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து இங்கே கையெழுத்துப் போடு என்றார். ஆஸ்பத்திரியில் எந்தப் பெரிய டாக்டர் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், மகன் எழுதியதுதானே என்று போட்டுவிட்டேன். ரயில் ஏறியதும் அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். பையன் என்ன செய்கிறான், எத்தனை மாதம் தங்குவோம், எப்போது திரும்புவோம், எல்லாம் ஒப்பித்தேன். கடைசியில், நீ என்ன வேலை பார்க்கறேன்னு கேட்டா ஹவுஸ்வைஃப்னு சொல்லிடு, ஃபார்ம்ல அப்படித்தான் இருக்கு என்றார். ஏன் என்றேன். நர்ஸ் என்று தெரிந்தால் அங்கே வேலை பார்க்கத்தான் வருகிறாள் என்று சந்தேகப்பட்டு விசா மறுத்துவிடுவார்களாம், உன் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம், அதனால் ஷ்யாமே யோசித்துப் போட்டான் என்றார். சரி, பிள்ளை நல்லதுக்குத்தான் செய்திருப்பான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். சென்னை கான்சலேட் கவுண்ட்டரில் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஹவுஸ்வைஃப் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன் ஷ்யாம். ஸ்டாஃப் நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர், முப்பத்தோரு வருஷம் என்று வந்துவிட்டது. அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இதில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். அப்பா நடுவில் விழுந்து, ரிட்டயர் ஆகிவிட்டாள் என்றார். இல்லை, லீவில் வந்திருக்கிறேன் என்றேன். பாஸ்போர்ட்டையும் விசா மறுப்பு என்ற ஒரு காகிதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

நீ புதன்கிழமை போனில் கத்தியது விசாவுக்காக என்றால் பொறுத்துக்கொள்வேன். பெட்பேன் தூக்கற வேலைக்கு என்னம்மா இவ்வளவு பெருமை என்று கேட்டாயே. ஆமாம், தூக்கினேன். முதல் மூன்று வருடம் வார்டில் அதையும் செய்தேன், முகம் சுளிக்காமல் செய்தேன். பிறகுதான் தியேட்டர். வயிற்றைத் தைத்து மூடலாம் என்று ஒரு புது சர்ஜன் ஊசிக்குக் கையை நீட்டியபோது, ஒரு பஞ்சுத்துணி குறைகிறது, மூடாதீர்கள் என்றேன். எல்லார் எதிரிலும் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று ஊசி நூலைக் கொடுக்காமல் நின்றேன். உள்ளேதான் இருந்தது, குடலுக்குப் பின்னால். அந்த நோயாளி இன்றைக்கும் ஏ.எஸ்.ராவ் நகர் மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிறார், அவருக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும், அது போதும் என்றுதான் இருந்தேன். நீ எட்டாவது படிக்கும்போது, என் வெள்ளைப் புடவையை வெளியே கொடியில் போடாதே, ஃப்ரெண்ட்ஸ் பார்க்கிறார்கள் என்றாய். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஃபேன் அடியில் காயப்போட்டேன். உன் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே அவர் பதவி வந்தது, நான் திருமதி வேதாசலம் மட்டும். சம்பந்தி வீட்டில் நான் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாய். ஒவ்வொரு தடவையும் சின்ன விஷயம்தானே என்று விட்டேன். விட்டது என் தப்பு.

நீ கடைசியாகச் சொன்ன யோசனையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உனக்காக ஜூன் மாதம் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன், இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. அது முடியட்டும், அப்புறம் நீ ஹவுஸ்வைஃப்தானே, பொய்யே இல்லை, அக்டோபரில் திரும்ப அப்ளை பண்ணலாம் என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். எங்கள் மேட்ரன் ஜூலையோடு ஓய்வு பெற்றார், அந்தப் பதவியை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று அதற்கு முன்பே என்னைக் கேட்டார்கள். மகனிடம் போகிறேன் என்று மறுத்தேன், உன்னிடம் சொல்லவும் இல்லை, சொன்னால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன் பார். வெள்ளிக்கிழமை போய் ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், மேட்ரன் இடத்தில் யாரையும் இன்னும் போட்டிருக்கவில்லை, நான் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். தியேட்டர் அட்டெண்டர் நூர் முகமது, ஹவ் சிஸ்டர், அச்சா கியா, ஹமாரே கோ சோட்கே நக்கோ ஜாவ் என்றார், நல்லது செய்தீர்கள், எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று. வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. நேற்று மேட்ரன் மேஜையில் உட்கார்ந்தேன். அறுபது வரைக்கும் ஏழு வருடம் இருக்கிறது, முழுவதும் இருக்கப் போகிறேன். பிரசவத்துக்கு நான் வரவில்லை. அப்பா வேண்டுமானால் தனியாக அப்ளை பண்ணி வரட்டும், நவம்பருக்குள் சுபாஸ்ரீயின் அம்மாவுக்கு ஏற்பாடு செய். பேரப்பிள்ளையை முதல் நாள் கையில் வாங்க முடியாது என்பது எனக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதே.

சுபாஸ்ரீக்குச் சாயங்காலத்தில் கால் வீங்குகிறது, மோதிரம் கழற்ற வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாய். இதை அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, நர்ஸ் சொல்வதாகக் கேள். நாளைக்கே பிளட் பிரஷர் பார்க்கச் சொல், யூரினில் புரோட்டீன் போகிறதா என்று பார்க்கச் சொல். தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி, இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, மீட்டிங் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதே.

மூன்று பேருக்கும் என் ஆசிகள், குறையில்லாமல் நடக்கும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பிரசவ அறையில் டாக்டர் கடைசியில்தான் வருவார், அதுவரை சுபாஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ்தான் நிற்பாள். அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள், மரியாதையாகப் பேசு. அவளுக்கும் எங்கேயாவது ஒரு மகன் இருப்பான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வசந்தி