நீ கோடு போடாத கட்டம்

செவ்வாய்க்கிழமை மதியம் உன் மனைவி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தார். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். உன் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறது, எதைக் கொடுப்பது என்று புரியவில்லை என்றார். நீ சேர்த்து வைத்திருந்த காகிதங்களையெல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு அப்படியே கொண்டுவந்திருந்தார். பையைத் திறந்ததும் கற்பூர வாசனை அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "என்ன சார், ஆபீஸ்லயே பூஜை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

டிசி, மார்க் ஷீட், பழைய ரேஷன் கார்டு நகல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு ஜெராக்ஸ் வந்தது. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் கலந்துகொள்ளக் கொடுக்கிற தகுதிப் படிவம். காலேஜ் முத்திரை, உடற்கல்வி இயக்குநரான நம் பி.டி. சாரின் அவசரக் கையெழுத்து, குடுமியை முடிந்துகொண்டு முறைக்கிற உன் போட்டோ. ஆங்கிலப் படிவம்தான். அதில் பணி விவரம் கேட்கிற கட்டம் ஒன்று உண்டே, நாங்கள் எல்லாரும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவோமே, அதில் நீ தமிழில் எழுதியிருந்தாய்: 'கோயில் பூஜை, முறை வரும் நாட்களில்.'

தேதியைப் பார்த்தேன். வேலூர் ஓட்டத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை இரவு, இன்னும் புரியவில்லை. அதனால்தான் படிக்க ஆளில்லாத இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னதால்தான் உன் பெயரை அடித்தார்கள் என்று பதினான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீயே எழுதிக் கொடுத்திருந்தாய் என்றால் அப்புறம் நான் எதற்கு?

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பி.காம். சேர்ந்தவன் நான். நீ கோயில் தெருவிலிருந்து சைக்கிளில் வருவாய். உங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் ஒரு சன்னதியில் வருஷத்துக்கு இத்தனை நாள் என்று பூஜை முறை. உன் அப்பாவுக்கு முட்டி வலி வந்தபிறகு அந்த நாட்களில் நீதான் போவாய். விடிவதற்குள் குளித்து, பூஜை முடித்து, முதல் பீரியட் பாதியில் ஈர வேட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடி வருவாய். "நீ ஓடக் கத்துக்கிட்டதே அட்டெண்டன்சுக்குத்தான்டா" என்று நான் கிண்டல் செய்வேன். முறை இல்லாத நாட்களில் விடியற்காலையில் மலை சுற்றும் பாதையில் இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவோம். பாதி தூரம் வரைக்கும் கூட வருவேன். அதற்கப்புறம் உன் குடுமி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கிரவுண்டில் உன்னை டேய் என்பேன். கோயிலுக்குள் வந்தால் என் வாய் தானாக "சாமி" என்று சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். அம்மாவோடு வந்தபோது ஒரு தடவை "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று கேட்டுவிட்டேன். நீ தீபாராதனைத் தட்டோடு நின்று சிரிப்பை அடக்க முடியாமல் மந்திரத்தை விட்டுவிட்டாய். மறுநாள் கிரவுண்டில் வந்து, "ஏன்டா, உள்ள ஒரு மரியாதை, வெளிய ஒரு மரியாதையா? நான் ஒரே ஆள்தானே?" என்றாய்.

நீ ஒரே ஆள்தானா என்பதுதான் கடைசியில் வேலூரில் பிரச்சினை ஆனது.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் உன் பங்காளி வீட்டில் ஒரு சாவு. பத்து நாள் தீட்டு. நீ கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது. வருத்தமாக இருப்பாய் என்று நினைத்து வந்தால், ஷூ மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நிற்கிறாய். "இந்தப் பத்து நாள் என்னைவிட வேலைவெட்டி இல்லாதவன் இந்த ஊர்லயே கிடையாதுடா. ரூல்படி பாத்தா இப்பதான் நான் சுத்தமான ஸ்டூடன்ட்" என்று சொன்னாய். அந்த ரூல் நமக்கு நன்றாகத் தெரியும். ஓடுகிறவன் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், எந்த வேலையிலும் இருக்கக் கூடாது. பி.டி. சார் வருஷா வருஷம் படித்துக் காட்டுவார். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீ போட்டுக்கொண்டாய் என்பது எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

ஐயாயிரம் மீட்டர். பன்னிரண்டரை சுற்று. முதல் இரண்டு பேருக்குப் பல்கலைக்கழக அணியில் இடம். நமக்குக் கடைசி வருஷம். அந்தப் பத்து நாளில்தான் நீ முதல் தடவையாக முழுத் தூக்கம் தூங்கிவிட்டு ஓடினாய். எட்டாவது சுற்றிலேயே எல்லாரையும் விட்டுப் போய்விட்டாய். இரண்டாவது வேறு காலேஜ் பையன். நான் மூன்றாவது. நான்காவதாக வந்தவன் எனக்குப் பக்கத்திலேயே புல்லில் விழுந்து வாந்தி எடுத்தான். வீட்டில் சாயங்காலச் சடங்கு இருக்கிறது என்று சொல்லி நீ வியர்வை காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன பத்தாவது நிமிஷம், நான்காவதாக வந்தவனின் மேனேஜர் நடுவர்கள் இருந்த பந்தலுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அவன் ஒரு இடம் மேலே வந்தால் அவர்கள் காலேஜுக்குப் பாயின்ட் கிடைக்கும். "அந்தக் குடுமி வச்ச பையன் கோயில் குருக்கள் சார். போன பௌர்ணமிக்கு மலை சுத்த வந்தப்போ நானே அவர் கையால விபூதி வாங்கினேன்" என்றாராம். பி.டி. சார் சாப்பிடப் போயிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். பந்தலுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தவர் கேட்டார்.

"தம்பி, நீயும் அதே காலேஜ்தானே? அவன் எங்கயாவது வேலை பாக்கறானா?"

"கோயில்ல முறை பண்றாரு சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் விழித்ததைப் பார்த்து, "காலையில பூஜை முடிச்சிட்டுத்தான் சார் காலேஜுக்கே வருவாரு" என்று இன்னொன்றும் சேர்த்தேன். கிரவுண்டில் உன்னை அவரு என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முறை வருஷத்தில் சில நாட்கள்தான் என்பதைச் சொல்லவில்லை. இப்போது தீட்டு, கோயிலுக்கே போகவில்லை என்பதையும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொன்னவனுக்கு இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்ல என்ன கேடு?

அவர்கள் கேட்டிருக்க வேண்டியது என்னைப் பற்றி. பொங்கலுக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் நடக்கும் ஓட்டங்களில் எவர்சில்வர் குடம், குக்கர், ஒரு தடவை ஆட்டுக்குட்டி என்று ஜெயித்து வந்தவன் நான். மல்லாட்டைச் செடி பிடுங்குகிற காலத்தில் அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்கும் போவேன். நீ ஓடி ஒரு தம்ளர்கூட வாங்கியதில்லை. பொங்கல் அன்றைக்கு உனக்குப் பூஜை இருக்கும். ஓடிச் சம்பாதித்தவன் கட்டத்தில் கோடு போட்டேன். அதற்கு ஒரு புகாரும் வரவில்லை.

மறுநாள் காலேஜ் வாசலில் உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். புகார் கொடுத்துவிட்டார்கள், உன் பெயரை அடித்துவிட்டார்கள், எனக்கு இரண்டாவது இடம் என்றேன். யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். நீ கொஞ்ச நேரம் சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே இருந்தாய். அப்புறம், "உண்மைதானேடா, நான் குருக்கள்தானே" என்றாய். என்னைக் குத்திக்காட்டுகிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

பி.டி. சார் விடவில்லை. நீ வேலையில் இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்லி நம் இருவரையும் கோயில் ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். எழுந்து நின்று உன்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். "சாமி, முறைக்காரங்க எங்க ஸ்டாஃப் கிடையாது. ஸ்டாஃபா இருந்து நின்னுட்டவங்கன்னா நின்னுட்டாங்கன்னு எழுதலாம். எங்க ரிஜிஸ்டர்லயே இல்லாதவங்களை இல்லன்னு எப்படி எழுதறது?" என்றார். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து, "பாத்தியாடா? கோயில்ல கேட்டா நான் வேலைக்காரன் இல்லை. யூனிவர்சிட்டில கேட்டா வேலைக்காரன். எங்கப்பாவைக் கேட்டா நான் உருப்படாதவன்" என்று சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். நீ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பல்கலைக்கழக அணிக்கு ஓடி நான் பதினேழாவதாக வந்தேன். கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. வேலை, வீட்டுக் கடன், கல்யாணம் எல்லாமே அதன் பின்னால் வந்தவை. நீ டிகிரியை முடித்துவிட்டு அப்பா இடத்துக்குப் போய்விட்டாய். நான் இல்லாவிட்டால் உனக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்குமா, கிடைத்திருந்தால் நீ அதில் உட்கார்ந்திருப்பாயா, அதுவும் தெரியவில்லை.

வேலைக்கு ஆர்டர் வந்த வாரம் உன்னிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துச் சன்னதிக்கு வந்தேன். வரிசையில் நின்றேன். அங்கே உன்னை டேய் என்று கூப்பிட முடியாது. "சாமி, அன்னைக்கு வேலூர்ல நான்தான்..." என்று ஆரம்பித்தேன். பின்னால் இருந்த ஆந்திராக்காரக் குடும்பம் நெருக்கித் தள்ளியது. நீ என் கையில் விபூதியைப் போட்டு, "நகருங்க, நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்தாயா என்று வெளியே வந்து யோசித்தும் தெரியவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை நாம் வெளியிலேயே சந்தித்தோம். ஒரு தடவையும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போன ஐப்பசியில் உனக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

நாள் முழுக்க அரசாணை படித்து அர்த்தம் சொல்கிற வேலை எனக்கு. எந்த விதிக்கு எந்த விலக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உன் படிவத்தை மூன்று நாளாகப் படிக்கிறேன். தீட்டை வைத்துத் தப்பிக்கலாம் என்று என்னிடம் ஜோக் அடித்துவிட்டு, அதே தீட்டில் உட்கார்ந்து ஏன் பூஜை என்று எழுதினாய்? எழுதிவிட்டு, அடிப்பார்கள் என்று தெரிந்தே ஓடினாயா? யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தாயா? படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் நம் சார். அந்தப் படிவத்தைப் பந்தலில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா, இல்லை என் பேச்சோடு முடித்துவிட்டார்களா? கேட்பதற்கு நீயும் இல்லை, சாரும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். அந்தக் கட்டத்தைப் படித்த முதல் நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் காரணம் இல்லை என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இன்று காலையில் உன் மனைவி மறுபடி வந்தார். விண்ணப்பம் தயாராக இருந்தது, பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பையைத் திருப்பிக் கொடுத்தேன். ஜெராக்சை மேலே வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னண்ணா? வேலூர்ல ஏதோ ஓட்டம், ஜெயிச்சும் குடுக்கலைன்னு மாமனார் சொல்லியிருக்கார். இவரைக் கேட்டா சிரிப்பார், ஒண்ணும் சொல்லமாட்டார்."

நான் சொன்னேன். பந்தல், மூன்று பேர், கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். சேர்த்துச் சொன்னது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் ஃபைலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார். உன் மனைவி அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"அவரே எழுதிக் குடுத்திருக்காரே அண்ணா. இருந்ததைத்தானே நீங்களும் சொன்னேள்? இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அவன் எழுதினதால போனா அவன் இடம்தான்மா போகும். நான் சொன்னப்போ மூணாவதா வந்திருந்தேன்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார். இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதுடா.