கூரை ஏறட்டும் என்றவனுக்கு

மச்சான்,

இன்று காலை சாம்பல்தீவில் உன் மூத்த தங்கை கலாவின் வளவுக்குள் கால் வைத்ததும் ஈரச் சீமெந்து மணம் மூக்கில் ஏறியது. அவளுடைய மகளுக்கு வீடு எழும்புகிறது. மேசன் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்கு ஆட்களின் நினைவு மல்லிகையிலும் சந்தனத்திலும் வரும். நீ எனக்குச் சீமெந்தில் வருகிறாய். எத்தனை வருடம் உன் சட்டை அப்படி மணத்தது!

பகலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவாய். பின்னேரம் தங்கை வீட்டுக்குக் கல் அடுக்குவாய். தேநீர்க்கடையில் உன்னைப் பற்றி நான் கட்டிய கதைகள் கொஞ்சமா? ஒருநாள் கீழே நின்றவன் காட்டிய கொடி மாறிப்போய் ஒரு முழுக் கப்பலையும் தூக்கிக் கோணேசர் மலையில் வைத்துவிட்டாய் என்றும், கப்டன் அங்கேயே தேங்காய் உடைத்துவிட்டு இறங்கினார் என்றும் சொன்னேன். சனம் சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் நீ உண்மையிலேயே தூக்கிய பாரத்தை யாரும் கதையாகச் சொல்லவில்லை. நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. தகப்பன் இல்லாத இடத்தில் அந்த வீட்டை அண்ணன் கட்ட வேண்டும். உனக்குத் தகப்பன் இல்லை, தங்கைமார் மூன்று பேர்.

நான் இருபத்தொரு வயதில் கலியாணம் கட்டியவன். மணவறையில் என்னை மாப்பிள்ளைத் தோழன் என்று நினைத்து, "தம்பி, இறங்கி நில்லும், மாப்பிள்ளை இருக்கவேணும்" என்று ஐயரே சொன்னதாக இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். அந்தத் தகுதியில்தான் ஒருநாள் கடற்கரையில் என்னிடம் கேட்டாய்.

"மச்சான், ஆம்பிளைக்கு எத்தினை வயசில கலியாணம் சரி?"

"மீசை முளைக்க முதல். முளைச்சால் புத்தியும் சேர்ந்து முளைச்சிடும். பிறகு ஒருத்தனும் கட்டமாட்டான்."

"அப்ப பொம்பிளைக்கு?"

"அதை அவளிட்டக் கேக்கோணும். புவனாவைக் கேட்டனியோ?"

நீ மணலைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாய். "கேட்டனான். நீங்கள் எப்ப சொன்னாலும் சரி எண்டவ." பிறகு வழக்கமான பல்லவி: "கடைசித் தங்கச்சின்ர வீட்டுக்குக் கூரை ஏறட்டும், மச்சான்."

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்த புவனா உப்புவெளியில் உனக்காகக் காத்திருந்தார். வந்த சம்பந்தங்களை ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் திருப்பி அனுப்பினார். சுனாமியில் கடல் உள்ளே வந்த வருடம் இரண்டாவது தங்கையின் வீட்டுச் சுவர் போயிற்று. நீ மறுபடி அத்திவாரத்தில் தொடங்கினாய். புவனா அந்த வருடம் வந்த சம்பந்தத்தையும் திருப்பி அனுப்பினார். கடைசி வீட்டுக்கும் கூரை ஏறி, கடைசித் தங்கையும் குடிபுகுந்தபோது உனக்கு நாற்பத்தாறு. "இந்த வயசில மணவறையில இருந்தால் சனம் சிரிக்குமடா" என்று கூசினாய். "சிரிக்கட்டும், சிரிக்க வைக்கிறதுதானே என்ர தொழில்" என்றேன். தை பிறந்ததும் தாலிக்குப் பொன்னுருக்கு என்று பேசினோம். அப்போது மார்கழி. மார்கழியில் நல்ல காரியம் செய்யக்கூடாதே. அதுவும் கழியட்டும் என்று பொறுத்தாய். அந்த மார்கழியிலேயே ஒரு விடிகாலை உன் நெஞ்சு நின்றுபோயிற்று.

உன் செத்தவீட்டுக்குப் புவனா வந்தார். உள்ளே உன்னைச் சுற்றித் தங்கைமார் விழுந்து அழுதார்கள். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றார். "இவ ஆர், கூட வேலை செய்தவவோ?" என்று ஒரு கிழவி என்னைக் கேட்டாள். பெண்டாட்டி என்றால் உள்ளே இடம் உண்டு. இவருக்கு என்ன இடம்? ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிடுவதற்கு முன்பே போய்விட்டார்.

இன்று கலா என்னைக் கூப்பிட்டது தீர்ப்புச் சொல்ல. "நீதியரசர் வாறார், எல்லாரும் எழும்புங்கோ!" என்றுகொண்டுதான் நுழைந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய மகன் சுதனுக்கு ஒரு பெண்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் வீட்டார் இனிப் பொறுக்கமாட்டார்களாம். அவனுடைய தங்கையின் வீடோ சுவர் மட்டத்தில் நிற்கிறது.

"மகள் இருக்கேக்க மகனுக்குச் செய்தால் ஊர் என்ன கதைக்கும், அண்ணை? இவளின்ர வீட்டுக்குக் கூரை ஏறட்டும். பிறகு பாப்பம்" என்றாள் கலா.

உன் வாயிலிருந்து வந்த அதே வசனம், அதே இழுவையோடு. என் நாக்கை உனக்குத் தெரியும். என்ன நாக்கு, மச்சான்! கோட்டையில் தொடங்கினால் முப்பது மைல் தாண்டிப் புல்மோட்டையில்தான் நிற்கும் நாக்கு.

"கலா, இந்தச் சொல்லுக்குப் பொறுத்தவன் ஒருத்தன் இருந்தவன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்தாள். சீமெந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்ற மகள்தான் பேசினாள். "அம்மா, மாமா உங்களுக்காக நிண்டது போதும். அண்ணா எனக்காக நிக்கவேண்டாம். கூரை இல்லாட்டி நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு குடியிருக்கிறன்."

கலா எழும்பிப்போய் அந்தக் கூரையில்லாத ஈரச் சுவரில் கையை வைத்தாள். பிறகு, "ஓம், ஆவணியில செய்வம்" என்றாள். உடனே அடுத்த அழுகை: தாய்மாமன் இடத்தில் யார் நிற்பது? நீ இல்லாததால் நான் நிற்பதென்று முடிவாயிற்று. "அப்ப புவனா மாமி?" என்றான் சுதன். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே உப்புவெளிக்கு விட்டான்.

புவனாவுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. தேநீர் தந்தார். சுதன் இரண்டு கையாலும் வெற்றிலை வைத்து, "மாமி, ஆவணியில கலியாணம். நீங்கள் முன்னுக்கு நிக்கோணும்" என்றான்.

அவர் வெற்றிலையைத் தொடவில்லை. "நான் ஆர் எண்டு ஐயருக்குச் சொல்லுவியள்?"

"மாமி எண்டுதான்."

"அதைச் சொல்லவேண்டியவர் சொல்லாமல் போட்டாரே, தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாறன். பின்னுக்கு இருந்து பாக்கிறன்" என்றார்.

ஆவணியில் உன் இடத்தில் நான் நிற்பேன். வேட்டி கட்டி, மீசை முறுக்கி, ஊரே சிரிக்க நிற்பேன். பின்வரிசையில் அவர் இருப்பார். "சொல்லாமல் போட்டாரே" என்ற அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் நிற்கப்போகிறேன். எவ்வளவோ புளுகியவன் நான். இதில் மட்டும் ஒரு சொல்லும் கூட்டவில்லை, மச்சான்.