மெழுகிய வீடு

செவ்வாய், இரவு.

கூலி வேலை செய்யும் அமுதாவின் நான்கு வயது மகளுக்கு ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதை அரசு மருத்துவர் இன்று உறுதி செய்தார். பெருநகர் கிராமத்துப் பக்கம் பழைய பேட்டரி உருக்கி ஈயம் எடுக்கும் கொட்டகையில் அவள் கணவனுக்கு வேலை. ஈயச் சோதனைக்கு வீட்டுத் தூசியைச் சேகரிக்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியுடன், செய்திக்காக நானும் போனேன். தரை சாணமிட்டு மெழுகி ஈரமாக இருந்தது. பரணைக்கூடத் துடைத்திருந்தாள்.

“ஆபீசர் வராரு, வூட்டை மெழுகி வெய்யின்னு கொட்டகை மேஸ்திரிதான் சொன்னாரு. அளுக்கா கீதுன்னா நம்பளத்தான சார் சிரிப்பாங்க?”

இந்த வருகையை யாரிடமும் சொல்லவில்லை என்கிறார் அதிகாரி. பிறகு மேஸ்திரிக்கு எப்படித் தெரிந்தது? கூரை ஓட்டின் இடுக்கில் சுரண்டிய தூசி மட்டும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை குழந்தை அந்த வீட்டில்தான் தூங்கும்.