விளையாட்டு இணைப்பு அறுந்ததும் வயர்மேன் குமரவேலின் கேட் பாஸும்

அனுப்புநர்
வெ. வளர்மதி,
க/பெ. வெள்ளைச்சாமி (சுரங்க மின்பிரிவு),
கதவு எண் 14, மகிழம்பூ சாலை,
நெய்வேலி நகரியம்.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்பு மின் பராமரிப்புப் பிரிவு,
நெய்வேலி நகரியம்.

பொருள்: வீட்டுக் கணினி விளையாட்டின் இணைப்பு அறுந்துபோனது பற்றி ஒப்பந்த வயர்மேன் திரு. குமரவேல் மீது நான் கொடுத்த புகார் தவறானது என்பதால், நாளைய விசாரணையில் அதைத் தள்ளுபடி செய்து அவரை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எனது புகார் மனு, நாள் 12.08.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட புகாரை எழுதியவள் நான்தான். அதன்பேரில் குமரவேலை 14ஆம் தேதி முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் நிறுத்திவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை என்றும், அதில் வேலைக்கு உள்ளே நுழைய அவருக்குக் கொடுத்த கேட் பாஸைத் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் இம்மனுவைத் தபாலில் போடாமல் நேரிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன். அவசரமாக எழுதியதால் ஓரிரு இடத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

2. ஒரு விளையாட்டுக்காகவா புகார் எழுதினாய் என்று தாங்கள் கேட்கலாம். என் மகன் சசிகுமார் பெங்களூரில் பார்த்த வேலை போய் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. சாப்பிட வா என்றால் வருவான், சாப்பிடுவான், போய்ப் படுத்துக்கொள்வான். ஒரு வார்த்தை பேசமாட்டான். கல்லூரியில் படிக்கும் என் மகள் எழில்மதிதான் கூடத்தில் ஒரு கணினி, பின்னறையில் ஒரு கணினி என்று வைத்து, இரண்டையும் வயரால் இணைத்து, அண்ணனோடு தினமும் மாலை ஐந்து மணிக்கு டாங்கிச் சண்டை விளையாட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் பின்னறையிலிருந்து அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் ஐயா.

3. ஜூலை 15ஆம் தேதி முதல் அந்த விளையாட்டு மாலை ஐந்தரை மணிவாக்கில் சட்டென்று நின்றுபோக ஆரம்பித்தது. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று இரண்டு திரையிலும் வரும். கணினிகள் ஓடும், மின்விசிறி ஓடும், இணைப்பு மட்டும் இருக்காது. இவர்கள் அவரவர் கணினியை நோண்டிவிட்டு வருவதற்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயரின் முனையில் கிளிப் உடைந்திருக்கிறது என்று 21ஆம் தேதி வயரை மாற்றினார்கள். அடுத்த ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

4. ஜூலை 29 அன்று மறுபடியும் அறுந்தது. இரண்டு கணினிக்கும் ஒரே ஐ.பி. எண் விழுகிறது என்று தனித்தனி எண் கொடுத்தார்கள். பாதுகாப்பு மென்பொருள் தடுக்கிறது என்று அதில் இந்த விளையாட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டு வயரும் வந்து சேரும் இணைப்புப் பெட்டி சூடாகிறது என்று அதன்மேல் கிடந்த துணியை நான் எடுத்துப் போட்டேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஆகஸ்ட் 8 அன்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்துவிட்டது. “தோக்கப் போறன்னு தெரிஞ்சா வயர புடுங்கிடுற, வெக்கமா இல்ல?” என்று மகள் கத்தினாள். “போ, இனிமே நான் வரல” என்று அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அதன்பின் பழையபடி பேச்சில்லை, சிரிப்பில்லை.

5. யார் மேலாவது பழியைப் போட்டாக வேண்டும் என்ற ஆத்திரம். ஜூலை 2ஆம் தேதி பின்தாழ்வாரத்தில் எரிந்துபோன சுவிட்ச் போர்டை மாற்றிக் கொடுத்தவர் குமரவேல். வீட்டில் வேறு யாரும் மின்வேலை செய்யவில்லை. ஆகவே, “அரைகுறையாக வேலை செய்துவிட்டு, எதையும் எடுத்துச் சொல்லாமல் போய்விட்டார்” என்று புகாரில் எழுதினேன். தாங்கள் மறுநாளே மாடசாமி என்ற வேறு வயர்மேனை அனுப்பினீர்கள். அவர் எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டுப் போனார். மகளிடம் மன்றாடி அண்ணனைத் திரும்ப விளையாட அழைக்கச் செய்தேன். அந்த வாரம் முழுக்க ஒருநாளும் அறுபடவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

6. 19ஆம் தேதி மறுபடியும் அறுந்தது. அப்போதே தங்களிடம் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுதியது எழுதியாயிற்று, இனி எந்த முகத்தோடு போய் நிற்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். 22ஆம் தேதி குமரவேலின் மனைவி மலர்கொடி பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து மொபெட்டில் வந்து எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, எங்க வூட்டுக்காரரு பதினோரு வருசமா இங்கதான் கான்ட்ராக்டுல வேலை செஞ்சிகினு இருக்காருங்க. ஒரு புகாரு வந்ததில்லீங்க. உங்களாண்ட வெவரம் சொல்லிட்டுதான் வந்தன்னு மொத ரெண்டு நாளு சொல்லிகினு இருந்தாரு. இப்ப சொன்னனா சொல்லலியான்னு அவருக்கே சந்தேகம் வந்துடிச்சிங்க. சோறுகூட துன்னாம குந்திகினு இருக்காரு.” விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

7. அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறை நாட்காட்டியை எடுத்து, இணைப்பு அறுந்த நாட்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டேன். நகரியத்தில் எல்லார் வீட்டையும் போல எங்கள் நாட்காட்டியிலும் கணவரின் ஷிப்ட் குறித்திருக்கும். அவர் மதியம் இரண்டு மணிக்குப் போய் இரவு பத்துக்குத் திரும்பும் இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் ஒரு வட்டம்கூட இல்லை. முதல் ஷிப்ட், நைட் ஷிப்ட் வாரங்களில், அதாவது மாலையில் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் வரிசையாகச் சிவப்பு. வயர் மாற்றியதும் பலிக்கவில்லை, மாடசாமி முறுக்கியதும் பலிக்கவில்லை. இரண்டு முறையும் இரண்டாம் ஷிப்ட் வாரம் வந்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

8. நேற்று, திங்கட்கிழமை, அவருக்கு முதல் ஷிப்ட். மாலையில் பின்தாழ்வாரத்துக் கதவோரம் நின்று பார்த்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தார். எங்கள் மோட்டார் பழையது, ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். மூடியைத் தொடுமுன் போர்டின் மெயினை இறக்கினார். ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதீர்’ என்று சிவப்பில் எழுதிய அட்டையை அதில் மாட்டினார். இருபத்தாறு வருடம் சுரங்கத்தில் பழகிய கை. அதே போர்டில் மாட்டியிருந்த இணைப்புப் பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. உள்ளே பிள்ளைகள் ‘ஐயோ’ என்றார்கள். அவர் தண்ணீர் ஊற்றி, மூடியை முறுக்கி, அட்டையை எடுத்து, மெயினைத் தூக்கினார். மொத்தம் இரண்டு நிமிடம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஏளா, கரண்ட நிறுத்தி லைன் கிளியர் எடுக்காம எவனாவது மோட்டார்ல கை வைப்பானா? இத மொதல்லயே எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேம்லா” என்றார். அவர் இல்லாத வாரம் நான் செடிகளுக்குக் குடத்தில் மொண்டு ஊற்றுவேன், போர்டைத் தொடமாட்டேன்.

9. அவர்மேல் தவறில்லை. கூடத்தில் இருந்த இணைப்புப் பெட்டியை ஜூலை 14ஆம் தேதி பெருக்கித் துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்தாழ்வாரப் போர்டுக்கு மாற்றியவள் நான். ஐயா, இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜூலை 2 அன்று வேலை முடிந்ததும் குமரவேல் சமையலறை வாசலில் வந்து நின்று, “அக்கா, இந்த பிளக் பாயிண்டு மோட்டார் மெயினோட சேந்துகினு இருக்குதுங்க. வேற எதையும் இதுல மாட்டிடாதீங்க” என்றார். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பியும் பார்க்காமல், “சரிப்பா, சரி” என்றேன். நேற்று அந்த அட்டையைப் பார்த்த நொடியில் இது எனக்கு ஞாபகம் வந்தது. ‘எதையும் எடுத்துச் சொல்லாமல்’ என்று நான் எழுதிய வரி பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை என்றாலும் பொய் பொய்தான்.

10. போட்ட புகாரைத் திரும்ப வாங்கினால் ஆபீசில் என்ன சொல்வார்களோ, பேசாமல் இரு என்று என் கணவர் சொல்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன். பெட்டியை இன்று காலை கூடத்துக்கே மாற்றிவிட்டோம்.

ஆகவே, என் புகாரைத் தள்ளுபடி செய்து, குமரவேலின் கேட் பாஸை அவரிடமே விட்டுவைத்து, நாளை முதலே வேலைக்கு அனுப்புமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவர் இழந்த நாட்களுக்கு என்ன செய்ய முடியும் என்பதையும் தாங்கள் பார்க்க வேண்டும். நாளை நானும் வந்து வாசலில் காத்திருப்பேன். உள்ளே அழைத்தாலும் சரி, அழைக்காவிட்டாலும் சரி, இம்மனுவின் ஒன்பதாவது பத்தியைக் குமரவேல் முன்னால் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். மன்னிப்பு நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: அவர் சொன்னார். என் காதில் விழுந்தது.

இணைப்பு: நாட்காட்டியின் ஜூலை, ஆகஸ்ட் தாள்கள் இரண்டு.

இடம்: நெய்வேலி
நாள்: 27.08.2024

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
வெ. வளர்மதி