எழுந்து நிற்கும் இங்கிலீஷ்

மைசூர் மைன்ஸ்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும்.

அன்புள்ள எலைனுக்கு,

கர்த்தரின் கிருபையால் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நலம்தான். ஆனால் இப்போது இருக்கிற எரிச்சலில் அவர் பெயரை நடுவில் இழுக்க எனக்கு மனமில்லை. நீயும் நிக்கோலும் லீட்ஸ் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ சிரித்துவிடுகிறாய், இல்லையென்றால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறாய். தெரசா அக்காவின் மகள் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறாள். அவள் கையில் இதையும் பூண்டு ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் உன் அம்மா போட்டது. உப்பு தூக்கலாக இருந்தால் என்னைத் திட்டாதே.

அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் அந்த விசா பரீட்சை. புருஷன் பெண்டாட்டியோடு போய் இருப்பதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ தெரியவில்லை. எனக்கும் உனக்கும் நடந்த சண்டைகளில் ஒன்றாவது இங்கிலீஷில் நடந்திருக்கிறதா?

உன் தம்பி எரிக்கிடம் போய்ப் படியுங்கள் என்றாய். போனேன். ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரிக்கு மேலே ஒரு அறை. பன் வாசனையில் பாதிப் பேருக்குப் பாடம் ஏறுவதே இல்லை. வாசலில் எரிக் துரை கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற படம். அந்தக் கோட்டு நம் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தது. பி.யு.சி.யில் இங்கிலீஷில் ஃபெயிலாகி, வீட்டுக்கு வரப் பயந்து பேத்தமங்களா ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவனைச் சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தவன் நான். அவன் இன்று எனக்கு வாத்தியார். காலம் கெட்டுக் கிடக்கிறது.

அவன் போர்டில் மூன்று விஷயம் எழுதினான். கட்டாயம் செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது, நம்மிடம் இருப்பது. இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தால் பரீட்சையில் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்றான். இதற்கா வகுப்பு! செய்ய வேண்டியது, கூடாதது இரண்டும் இந்த ஊரில் பிறந்தவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மைன்ஸ் மூடுவதற்கு முன் கொஞ்ச காலம் நானும் கேஜ் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவன்தானே? என் முறை வந்ததும் விட்டேன் பார். மஸ்ட் வேர் ஹெல்மெட். மஸ்ட் கிவ் டோக்கன். மஸ்ட் நாட் ஸ்மோக். மஸ்ட் நாட் டாக் இன் கேஜ். மஸ்ட் நாட் கோ நியர் ஷாஃப்ட். கால் சென்டர் வேலைக்குப் படிக்க வந்த பொடிசுகள் வாயைப் பிளந்தன. எரிக்தான் மண்டையைச் சொறிந்துகொண்டு, "மாமா, இதெல்லாம் ஷாஃப்டுக்குச் சரி. வூட்ல இன்னா செய்யணும், இன்னா செய்யக்கூடாது, அதச் சொல்லு மாமா" என்றான். நீ இல்லாத வீட்டில் எனக்கு யார் எதைச் செய்யாதே என்று சொல்கிறார்கள்? கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கேட்க ஆளில்லை.

அப்புறம் வந்தது மூன்றாவது. நம்மிடம் இருப்பது. காலேஜ் பெண் ஒருத்தி, தன்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது, பூனை இருக்கிறது, இன்னும் என்னென்னவோ இருக்கிறது என்று அடுக்கினாள். என் முறை. ஐ ஹேவ் என்று ஆரம்பித்தேன், நின்றுவிட்டது. வீடு இருக்கிறது என்று சொல்லு மாமா என்றான் எரிக். வீடு கம்பெனி குவார்ட்டர்ஸ். அப்பா காலத்திலிருந்து இருக்கிறோமே தவிர நம்முடையது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. வண்டி இருக்கிறது என்று சொல்லு என்றான். வண்டி உன் பேரில். மகள் இருக்கிறாள் என்று சொல்லேன் என்றான். நிக்கோல் போன வாரம் போனில் என்னிடம், "டாடி, யூ ஷுட் பிராக்டிஸ் மோர்" என்றாள். அந்தக் குரல் என் மகள் குரல் மாதிரியே இல்லை. கடைசியில் அந்த மடையன், "அக்கா கீது இல்ல? ஐ ஹேவ் எ வைஃப்னு சொல்லு மாமா" என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். இல்லாததை இருக்கிறது என்று சொல்வதுதான் உன் இங்கிலீஷா என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தப் பொடிசுகள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறதுகள்.

முதல் பரீட்சையில் என்ன ஆயிற்று என்று நீ எத்தனையோ தடவை கேட்டாய். கேள்வி புரியவில்லை என்றேன். கேள்வியெல்லாம் புரிந்தது எலைன். பெங்களூரில் குளிர்சாதன அறை, எதிரில் ஒரு சின்னப் பெண், முகத்தில் சிரிப்பு. உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் எழுந்து நின்றேன். யெஸ் மேடம் என்றேன். உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். மனைவி எங்கே இருக்கிறார் என்றாள். மறுபடியும் எழுந்துவிட்டேன். யெஸ் மேடம். சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அவள் எழுந்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பிளீஸ் சிட் என்று கெஞ்சாத குறை. உட்கார்ந்தால்தான் வாய் திறக்கும் என்று அவள் நினைக்கிறாள். நின்றுதான் பேச வேண்டும் என்று என் கால் நினைக்கிறது. நான் என்ன செய்ய?

சிரிக்காதே. உன் அப்பா மட்டும் என்னவாம்? காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனுஷன், டாக்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டதும் கட்டிலை விட்டு எழுந்து நின்று யெஸ் சார் என்றாரே, மறந்துவிட்டாயா? மறுபடியும் கட்டுப் போட வேண்டியிருந்ததே. மைன்ஸ் துரைமார் காலத்திலிருந்தே நம் வீடுகளில் இங்கிலீஷ் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், சட்டைப் பொத்தானைப் போட வேண்டும், யெஸ் சார் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் ஷிஃப்ட் போய்விடும். கேள்வி கேட்டவனுக்குப் பதில் தேவைப்பட்டதே இல்லை. இப்போது திடீரென்று ஒரு பெண் உட்கார வைத்து, உன் வீட்டைப் பற்றிச் சொல், உனக்கு என்ன பிடிக்கும் என்று இங்கிலீஷில் கேட்டால் நான் எங்கே போவேன்?

இதை எரிக்கிடம் சொன்னேன். வேறு வழியில்லை, அவன் காலில்தான் போய் விழ வேண்டியிருந்தது. மடையன் சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது தினமும் இரவு பெங்களூர் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி நேரே அவனிடம் போகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பைத் துண்டால் கட்டுகிறான். "எந்திரிக்காத மாமா, குந்திகினே சொல்லு" என்று கேள்வி கேட்கிறான். முதல் நாள் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பேக்கரிக்காரன் இடி இடித்ததாக நினைத்து மேலே ஓடி வந்தான். கட்டியிருந்த என்னைப் பார்த்து, பேய் ஓட்டுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனான். நேற்று நாற்காலி அசையவில்லை. ஐ ஹேவ் எ வைஃப் என்று உட்கார்ந்தபடியே சொன்னேன். துண்டு கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். எரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்டைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

கொர்னேலியஸ் இன்றும் சர்ச்சில் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் கனடாவுக்குப் போனது ஒரு சம்மருக்கு. பேசுவதைப் பார்த்தால் அந்த ஊரையே அவன்தான் கட்டியது மாதிரி இருக்கும். "இன்னா சாம்ராஜ், இன்னுமா விசா வர்ல? அவங்களுக்கு அங்க பழகிட்டா அப்புறம் கஷ்டம்பா" என்றான், பாதிரியார் காது கேட்க. ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். திருவிருந்து வாங்கிய வாயாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவன் சொன்னதைவிட நீ போன ஞாயிறு சொன்னதுதான் என்னை வதைக்கிறது. நான் வழக்கம்போல உன் லீட்ஸையும், பரீட்சையையும், எரிக்கையும் ஒரு பிடி பிடித்தேன். நீ எப்போதும் கத்துவாய். அன்றைக்குக் கத்தவில்லை. "இனிமே நான் இன்னாத்துக்குங்க உங்களக் கட்டாயப்படுத்தணும்? வந்தா வாங்க, வராட்டி பரவால்ல. உங்க இஷ்டம்" என்றாய். நான் சரி என்று போனை வைத்தேன்.

என் இஷ்டமாம். எனக்கு எப்போது எலைன் இஷ்டம் என்று ஒன்று இருந்திருக்கிறது? அப்பா மைன்ஸுக்குப் போ என்றார், போனேன். மைன்ஸ் மூடியதும் நீ பெங்களூர் ரயிலைப் பிடி என்றாய், பிடித்தேன், இன்றுவரை பிடிக்கிறேன். சட்டை மாற்று, முடி வெட்டு, சபைக் கூட்டத்தில் வாயை மூடு என்று காலையிலிருந்து ராத்திரிவரை விரட்டிக்கொண்டே இருந்தாய். முணுமுணுத்தேன், செய்யாமல் இருந்தேனா? எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே செய்கிறவன் நான் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நீயே விட்டுவிட்டால் எப்படி? எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே போன் செய். நலமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்க வேண்டாம். நீங்க வந்தே ஆகணும் என்று பழைய குரலில் அதட்டிச் சொல். இங்கிலீஷில் சொன்னாலும் சரி. இங்கே வீட்டில் துண்டு கட்ட யாரும் இல்லை. எழுந்து நின்று யெஸ் மேடம் என்று சொல்கிறேன்.

கர்த்தர் உன்னையும் நிக்கோலையும் காப்பாராக. ஸ்வெட்டரைக் கழுத்துவரை ஏற்றிப் போடு.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்,
சாம்ராஜ்