அவள் பக்கத்து நியாயம்

அம்மா,

மழை பிடித்துக்கொண்டதென்று நேற்றுப் பெட்டியிலிருந்து உன் கம்பிளியை எடுத்தேன். தேயிலை எஸ்டேட்டில் கொடுத்த அதே கறுப்புக் கம்பிளி. பச்சைக் கொழுந்து வாடையும் விறகுப் புகையும் இன்னும் போகவில்லை. விரித்த கையோடு என் பையன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னையறியாமல் உன் பேச்சு என் வாயில் வந்தது: "மொதல்ல அவன் பக்கத்து நியாயத்த நீ சொல்லு."

நானும் தங்கச்சியும் எத்தனை தடவை அப்படி நின்றிருப்போம்! கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவாய். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வாய். அவரவர் கட்சியை அவரவர் பேசக் கூடாது. நான் அவளுக்காகப் பேச வேண்டும், அவள் எனக்காக. கேட்டவள் "அதான்" என்று ஒத்துக்கொண்டால்தான் சோறு. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நாங்கள் அடித்துக்கொண்ட அன்று, நான் எவ்வளவு சொல்லியும் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. கஞ்சி ஆறிப்போனது. நீயும் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தாய். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒங்க கோர்ட்டு இன்னும் கலையலையா?" என்று சிரித்தது.

உன் கோர்ட்டில் ஒரு குறை உண்டு. வாதம் எப்படிப் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "நீ மூத்தவ, விட்டுக்குடு." ஜன்னல் சீட்டும் அவளுக்குத்தான் போனது. அதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கடைசியில் உன்னைக் கோட்டயத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, போடியில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுக்கு ஏழாம் மாதம். மலை ரோட்டு வளைவுகளில் வயிற்றுப் பிள்ளையோடு அலைய வேண்டாமென்று நானே முடிவு செய்து, சொல்லாமல் விட்டேன். மூன்று நாள். நீ போன பிறகுதான் சொல்லி அனுப்பினேன்; நான்காம் நாள் உன்னை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்தாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். குழந்தை பிறந்ததுகூட அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்றுப் பையன்கள் சமாதானமாகி ஒரே கம்பிளிக்குள் புகுந்துகொண்ட பிறகு, போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"ஒண்ணும் பேசாத, கேளு. ஒன் பக்கத்து நியாயத்தச் சொல்றேன்" என்றேன். "அம்மாவ உசுரோட பாக்க விடாமப் பண்ணிட்டேன். வரலாமா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணியிருக்கணும். ஒன் வயித்தக் காரணம் சொல்லி நானே பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அதன் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"பாதிதான் சொல்லியிருக்க" என்றாள். "மீதிய யோசிச்சிட்டு நாளைக்குக் கூப்பிடு."

யோசிக்க ஒன்றுமில்லை அம்மா. மீதி எனக்கு அன்றைக்கே தெரியும். ரோட்டு வளைவெல்லாம் சாக்கு. உன் கட்டில் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தே பழகியவளுக்கு, அந்த மூன்று நாள் உன்னை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

இன்று சாயங்காலம் அதை அவளிடம் சொல்லப் போகிறேன். உலை வைத்தாயிற்று. பையன்களுக்குப் போட்டுவிடுவேன். எனக்கு, அவள் "அதான்" என்று சொன்ன பிறகுதான் சோறு.